நாற்பது குழியும் ரெண்டு கை உப்பும்

நொய்யல் கரையின் உப்புச் சக்கரவர்த்தி, வெள்ளைக்காட்டு வேந்தர், என் தங்கை சரசுவைக் கட்டிக்கொண்ட பாவத்துக்கு இருபத்தெட்டு வருடம் என்னையும் சேர்த்துச் சுமந்த என் அன்பு மாப்பிள்ளை தங்கவேல் அவர்களுக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நீங்கள் இருக்கிற இடத்தில் கிணறெல்லாம் இனிக்கும் என்று கேள்வி. அதை நீங்கள் நம்பியிருக்க மாட்டீர்கள். உங்கள் உப்பு மீட்டர் இங்கே உங்கள் மகள் பூங்கொடியிடம் இருக்கிறது. ஆகவே போன அன்றைக்கே நாக்கால் தொட்டுப் பார்த்திருப்பீர்கள்.

இங்கே உங்கள் நான்கு ஏக்கர் விவசாயக் காட்டை விலைக்குக் கேட்டார்கள். குடோன் கட்டப் போகிறார்களாம். மண் இனித்தாலும் கரித்தாலும் அவர்களுக்குக் கவலையில்லை. ஒரே ஒரு நிபந்தனை, நிற்கிற மரங்களை வெட்டிக் காட்டை மொட்டையாகக் கொடுக்க வேண்டும். இரண்டு வருடமாக அந்தக் காட்டைத் தனியாகப் பார்த்துக் களைத்துப்போன என் தங்கை, சரி என்று சொல்ல வாய் திறந்துவிட்டாள். அந்த வாயை மூடியது யார், எப்படி என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். கூடவே நான் செய்த ஒரு குற்றத்தையும் சொல்ல வேண்டும். ஒளிந்து செய்த குற்றம். ஒப்புக்கொள்வதையாவது ஊரறியச் செய்கிறேன்.

அந்தக் காட்டைத் தெரியாதவர்கள் இதைப் படித்தால் குழம்பக் கூடாது. மேற்கே சாயப்பட்டறைகளில் துணிக்குச் சாயம் ஏற்றினார்கள். உப்பில்லாமல் சாயம் பிடிக்காதாம். துணி கப்பல் ஏறிச் சீமைக்குப் போயிற்று, உப்பு மட்டும் ஆற்றில் இறங்கி நம் கிணற்றுக்கு வந்தது. நம்மை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தென்னை குரும்பையை உதிர்த்தது. மஞ்சள் போயிற்று. வாழை ஓரமெல்லாம் தீய்ந்து நின்றது. கோடையில் நான்கு ஏக்கரும் வெள்ளை பூத்துக் கிடந்தபோது, சென்னிமலை முருகன் மேலிருந்து பார்த்து, காங்கேயம் பக்கம் பனி பெய்துவிட்டது என்று இரண்டு போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். நம் காட்டில் ஒரு காக்காய் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் கருவாடாகித்தான் எழுந்திருக்கும். நான் மிகைப்படுத்துகிறேன் என்று சொல்கிறவர்கள் அந்தக் கிணற்றில் ஒரு சொம்பு குடித்துவிட்டு வந்து சொல்லட்டும்.

மண் செத்துவிட்டது என்று ஊரே காரியம் பண்ணி முடித்த காட்டில், நீங்கள் ஒரு ஏக்கரில் மரம் வைக்கக் கிளம்பினீர்கள். பத்து வகை, வகைக்கு நான்கு, மொத்தம் நாற்பது குழி. எது தாங்கும், எது தாங்காது என்று பார்த்து நோட்டில் எழுதி வைத்துவிட்டால், ஆற்றோரம் வெள்ளை பூத்துக் கிடக்கிற மற்றக் காட்டுக்காரர்களுக்கும் வழி தெரியும் என்றீர்கள். ஊர் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் மறுநாளே கோயம்புத்தூரில் என் பம்பு பட்டறைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு ஓடி வந்து மண்வெட்டியைப் பிடித்தது யார்? (பிடித்தேன் என்றுதான் சொன்னேன். வெட்டினேன் என்று சொல்லவில்லை.)

அந்த மீட்டரை நினைத்தால் இப்போதும் சிரித்தே வயிறு வலிக்கிறது. பேனா அளவில் ஒன்று. தண்ணீரில் விட்டால் உப்பு எவ்வளவு என்று எண் காட்டும். அதைச் சட்டைப்பையில் குத்திக்கொண்டு நீங்கள் நுழையாத இடமில்லை. உடுமலைப்பேட்டைக் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்துகொண்டு ரசத்துக்குள் அதை விட்டீர்களே, பரிமாற வந்தவர் வாளியோடு நின்றுவிட்டார்.

"ஏனுங்க, ரசத்துக்குக் காச்சலுங்களா?" என்றார்.

"இல்லீங்க. எங்க கெணத்துக்கு ரசம் தேவுலைங்க," என்றீர்கள் நீங்கள், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல்.

உங்கள் வீட்டுச் சாப்பாட்டிலும் அப்படித்தான். எல்லார் வீட்டிலும் ஒரு சிட்டிகை உப்பு வேண்டுமா என்று கேட்பார்கள். நீங்கள் மட்டும், நான் இலையில் கை வைத்ததும், "உப்புப் போதுங்களா மச்சான்? இன்னும் ரெண்டு கை போடச் சொல்லட்டுங்களா?" என்பீர்கள். வருடக்கணக்கில் அதே கேள்வி. பெண் கொடுத்த வீட்டுக்காரனைக் கிண்டல் செய்வது மாப்பிள்ளைமார் உரிமை என்று விட்டுவிட்டேன். நான் எவ்வளவு பெரிய மேதை பாருங்கள்.

இனி என் குற்றத்துக்கு வருகிறேன்.

குழி எல்லாம் வெட்டி முடித்த மறுநாள் நீங்கள் கன்று எடுக்க வேன் பிடித்துப் போயிருந்தீர்கள். சாயங்காலம் நான் மட்டும் காட்டில். நாற்பது குழியும் வாயைத் திறந்துகொண்டு என்னையே பார்த்தன. எங்கப்பா தென்னம்பிள்ளை வைக்கும்போதெல்லாம் குழிக்கு ரெண்டு கை கல்லுப்புப் போடுவார். கறையான் அண்டாது, ஈரம் நிற்கும் என்பார். தென்னைக்குச் செய்கிற மரியாதையை மற்ற மரங்களுக்குச் செய்யாமல் விட்டால் அவை மனம் வருந்தாதா? உங்களுக்கும் சரசுவுக்கும் நிச்சயம் செய்த அன்று உப்பும் சர்க்கரையும் மாற்றிக்கொண்டுதானே நாம் உறவானோம்? நல்ல காரியத்துக்கு உப்பில்லாமலா? கடைக்குப் போய்க் கல்லுப்பு மூட்டையோடு வந்தேன். குழிக்கு ரெண்டு கை. ஒரு குழி விடவில்லை. மேலே மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, ஒரு ராஜா அன்னதானம் முடித்த களைப்போடு பஸ் ஏறினேன்.

உப்புக் காட்டுக்கு உப்புப் போட்டவன், மாப்பிள்ளை. கடலுக்கு மேல் நின்று குடத்தால் தண்ணீர் ஊற்றியவன். உலகம் தோன்றிய நாளிலிருந்து இப்படி ஒருவன் பிறந்ததில்லை.

நான் செய்தது என்னவென்று எனக்கு ஆறு மாதம் கழித்துத்தான் விளங்கியது. அதற்குள் பாதிக்குப் பாதி போயிருந்தது. மா போயிற்று, எலுமிச்சை போயிற்று, கொய்யா போயிற்று, பலா போயிற்று. நீங்கள் ஆசைப்பட்டு வைத்த நாவல் நான்கும் போயின. வேம்பு, புங்கன், சவுக்கு, இலந்தை, கொடுக்காப்புளி எல்லாம் நின்றன. நீங்கள் செத்த நாவலைப் பிடுங்கி வேரைக் காட்டினீர்கள்.

"தண்ணியில்லாமச் சாவுலைங்க மச்சான். தண்ணி சுத்தியும் நிக்குது, உப்பு அதைக் குடிக்க உடறதில்லை. தண்ணிக்குள்ள நின்னுட்டே தாகத்துல போயிருது."

"அப்ப மத்ததெல்லாம் எப்படிங்க நிக்குது?"

"ஒண்ணொண்ணுக்கு ஒரு வித்தைங்க. சிலது வேர்லயே மறிச்சு வெளிய நிறுத்திப்போடும். சிலது உள்ள உட்டுக்கும், ஆனாக் கொழுந்துக்குப் போக உடாது. பழுத்த எலையில கொண்டுபோய்க் கட்டி வெச்சு, எலையோட உதுத்துப்போடும்."

"நான் எந்த ரகமுங்க மாப்ளே?"

"நீங்க ஊரு உப்பையெல்லாம் நாக்குல வெச்சிருக்கற ரகமுங்க."

சிரித்தேன். பட்டறையில் ஒரு மோட்டாரைப் புகைய விட்டாலே ஒத்துக்கொள்கிற நான், உங்கள் முன்னால் நாற்பது குழியை ஒத்துக்கொள்ள முடியவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்றிருந்தேன். நாளை என்பது எவ்வளவு கேவலமான பயல் என்று, காங்கேயம் பஸ்ஸில் நீங்கள் ஜன்னலோரம் சாய்ந்தபடியே போய்விட்ட அன்றுதான் தெரிந்தது. உங்கள் மடியில் ஒரு கன்று இருந்தது. சேதி கேட்டு ஓடி வந்த என் கையில் கண்டக்டர் அதைக் கொடுத்து, "இதைக் கெட்டியாப் புடிச்சிருந்தாருங்க," என்றார்.

நாவல் கன்று.

தாங்காது என்று நீங்களே பிடுங்கிப் போட்ட மரத்தை ஏன் மறுபடி வாங்கினீர்கள்? அன்று கேட்க ஆளில்லை. சரசுவுக்கு அதைப் பார்க்கவே முடியவில்லை. நான் கோயம்புத்தூருக்கு எடுத்துப்போய், பெயிண்ட் வாளியில் மண் போட்டு வைத்தேன். இரண்டு வருடம் சிறுவாணித் தண்ணீர் குடித்து ஜமீன்தார் வீட்டுப் பிள்ளை மாதிரி என் நெஞ்சுயரம் வளர்ந்து நின்றது. தினமும் காலையில் அதன் முன்னால் நின்று என்ன மாப்பிள்ளை என்பேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் எனக்கு முற்றிவிட்டது என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

நேற்று முன்தினம் உங்கள் திதி. சாப்பாடு முடிந்து எல்லாரும் போன பிறகு குடோன்காரர்களின் புரோக்கர் வந்தார். நல்ல வெள்ளை வேட்டி. நம் காட்டு மண் ஒட்டினால்கூடத் தெரியாது.

"ஏனுங்க அம்மணி, இனி யோசனை என்னத்துக்குங்க? அந்தக் காட்டுல வெள்ளை பூக்கறதைத் தவிர வேறென்ன பூத்துதுங்க? மரத்தை மட்டும் வெட்டிச் சுத்தம் பண்ணிக் குடுத்துப்போடுங்க," என்றார்.

உங்கள் மகள் பூங்கொடி உள்ளேயிருந்து உங்கள் நோட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். அவளுக்கு உங்கள் மூக்கு, உங்கள் பிடிவாதம், சட்டைப்பைக்குப் பதில் கைப்பையில் உங்கள் மீட்டர். மிச்சமிருக்கிற மூன்று ஏக்கரிலும், இந்த நோட்டில் தாங்கும் என்று எழுதியிருக்கிற மரங்களையே வைக்கப் போகிறேன் என்றாள். திருப்பூர் வேலையை விடாமலே ஞாயிற்றுக்கிழமைகளில் செய்வாளாம்.

சரசு நோட்டின் அட்டையை முந்தானையால் துடைத்தாள். பிறகு சொன்னாள்:

"கண்ணு, உங்கொப்பா அந்த நோட்டுல எழுதினது பூரா நெசம்னா நடு. நான் குறுக்க வரலை. ஒரு வரி பொய்யின்னாலும் வித்துப்போடலாம். இன்னொருக்கா நட்டு, இன்னொருக்கா சாவறதைப் பாக்க எனக்குத் தெம்பில்லை."

மாப்பிள்ளை, என் நிலைமையைக் கொஞ்சம் பாருங்கள். வாயைத் திறந்தால் நோட்டு பொய்யாகிவிடும், குடோன் வந்துவிடும், உங்கள் மரங்கள் விறகாகிவிடும். வாயை மூடிக்கொண்டால் இந்தப் பெண் ஒரு பொய் நோட்டை வைத்துக்கொண்டு மூன்று ஏக்கரில் தன் வயதைப் புதைப்பாள். நோட்டில் செத்தது என்று எழுதியிருப்பதெல்லாம் மண்ணால் செத்ததல்லவே, என்னால் செத்ததல்லவா? அறுபத்தொரு வருடத்தில் முதல் முறையாக என் நாக்கில் உப்பு இல்லை.

சொல்லிவிட்டேன். மூட்டை, குழி, ரெண்டு கை, எல்லாவற்றையும்.

புரோக்கர் முதலில் இருமினார். பிறகு துண்டால் வாயை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது.

"நாப்பது குழியிலயுமா போட்டீங்க?" என்றாள் சரசு.

"போட்டேன்."

"ஒண்ணைக்கூட உடலையா?"

"முறைன்னா எல்லாத்துக்கும் செய்யோணுமல்ல?"

அவள் என்னைப் பார்த்தாள். சின்ன வயதில் அவள் தட்டிலிருந்த முறுக்கை நான் திருடித் தின்றபோது பார்த்த அதே பார்வை. "சரி, அப்ப நோட்டு பொய்தான்," என்று அவள் புரோக்கர் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, ஒரு நிமிசம்," என்றாள் பூங்கொடி. அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை. நோட்டின் முதல் பக்கத்தை விரித்து என் மடியில் வைத்தாள். "மாமா, நீங்களே சத்தமாப் படியுங்க."

உங்கள் கையெழுத்து. படித்தேன்.

"காலையில் குழி மண்ணைக் கரைத்துப் பார்த்தேன். நேற்று முன்தினம் பார்த்ததற்கு மூன்று மடங்கு காட்டுகிறது. குழி ஓரத்தில் கல்லுப்பு. மச்சான் வந்து போயிருக்கிறார். கைக்கு வந்தவரை அள்ளி வெளியே போட்டேன், முழுக்க வரவில்லை. கன்று வந்து இறங்கிவிட்டது, காத்திருக்காது. நடுகிறேன். இதில் பிழைப்பது எதிலும் பிழைக்கும். மச்சானிடம் சொல்ல வேண்டாம், மனசு உடைந்துபோவார்."

ஒவ்வொரு குழிக்கும் இரண்டு எண்கள். ஒன்றின் தலையில் 'மண்' என்றும் இன்னொன்றின் தலையில் 'மச்சான்' என்றும் எழுதியிருந்தீர்கள். பக்கம் பக்கமாக. கடைசியில் நாவலுக்கு நேரே: "நான்கும் செத்தன. மண் கொன்றதா, மச்சான் கொன்றாரா, தெரியவில்லை. தெரியாததைத் தாங்காது என்று எழுதக் கூடாது. சுத்தமான குழியில் இன்னொரு முறை வைத்துப் பார்க்க வேண்டும்."

அதற்குக் கீழே ஒன்றுமில்லை. அந்தக் கன்றோடுதான் நீங்கள் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தீர்கள்.

மாப்பிள்ளை, எனக்கு உங்கள் மேல் வந்த கோபம் இருக்கிறதே, அதைப் பிடித்துக் கம்பியில் விட்டிருந்தால் கோயம்புத்தூர் ஜில்லாவுக்கு ஒரு வாரம் கரண்டு கொடுத்திருக்கலாம். ரசத்துக்கே மீட்டர் விட்டவர் குழிக்கு விடாமல் இருப்பாரா என்று எனக்கு ஏன் ஒரு நாளும் தோன்றவில்லை? சாப்பிட உட்காரும்போதெல்லாம் "இன்னும் ரெண்டு கை போடச் சொல்லட்டுங்களா" என்று கேட்டீர்களே. எத்தனை கதவைத் திறந்து வைத்தீர்கள், நான் ஒன்றிலும் நுழையவில்லையே. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என் சட்டையைப் பிடித்துத் திட்டியிருந்தால் என்ன?

நோட்டை மூடினேன். அப்போது ஒரு சத்தம் கேட்டது. சரசு சிரித்தாள். நீங்கள் போன பிறகு நான் அதைக் கேட்டதில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே துடைத்தாள்.

"நோட்டுல ஒரு வரியும் பொய்யில்லைங்க. உப்புக் காட்டுல, எங்கண்ணன் உப்புக்கும் மேல நின்ன மரமுங்க அது," என்றாள் புரோக்கரிடம். "அதை வெட்ட எனக்குக் கை வராதுங்க. நீங்க வேற காடு பாருங்க. இதுல அவரு உட்டுட்டுப் போன வேலை ஒண்ணு பாக்கி இருக்குது."

"அம்மணி, உப்பு மண்ணுல நாவமரம் வருங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க," என்றார் அவர்.

"தெரியாதுங்க. அதைத்தான் பாக்கப் போறோம்."

தெரியாது என்ற சொல்லை இவ்வளவு நிமிர்ந்து நின்று ஒரு மனுஷி சொல்லி நான் கேட்டதில்லை. புரோக்கர் வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஜமீன்தார் வீட்டுப் பிள்ளையை அப்படியே கொண்டுபோய் உப்பில் இறக்கினால் செத்துவிடும் என்கிறாள் பூங்கொடி. முதலில் பழக்க வேண்டுமாம். சிறுவாணித் தண்ணீர் மூன்று பங்கு, நம் கிணற்றுத் தண்ணீர் ஒரு பங்கு. அப்புறம் பாதிக்குப் பாதி. அப்புறம் முழுக்க நம் கிணறு. நேற்றுக் காலை இரண்டு கேனில் உங்கள் கிணற்று நீரோடு காங்கேயத்தில் கோயம்புத்தூர் பஸ் ஏறினேன். கண்டக்டர் என்னவென்று கேட்டார். தீர்த்தம் என்றேன். கொஞ்சம் கொடுங்கள் என்று கையை நீட்டினார், கொடுத்தேன். அவர் முகம் போன போக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

மழை தொடங்கியதும் நடவு. குழியைப் பூங்கொடியே வெட்டுவாள், அவளே மண்ணைக் கரைத்து மீட்டர் வைத்துப் பார்ப்பாள். நான் கன்றைத் தூக்கிக்கொண்டு வரலாமாம். ஆனால் அதற்கு முன்னால் என் இரண்டு கையையும் கழுவி, கழுவிய தண்ணீரையும் மீட்டரில் காட்ட வேண்டுமாம். சரசுவின் உத்தரவு. உங்கள் குடும்பத்தில் என் மதிப்பு இந்த உயரத்தில் இருக்கிறது.

அது பிழைக்குமா? தெரியாது. இலையோரம் தீய்ந்தால் எனக்கும் நெஞ்சு தீயும். செத்தால் அடுத்த மழைக்கு இன்னொன்று வைப்போம். அதுவும் செத்தால் இன்னொன்று. நம்மைக் கேட்காமல் நம் கிணற்றுக்கு உப்பு அனுப்பியவர்களுக்கு ஓய்வில்லையென்றால் நமக்கு மட்டும் என்ன ஓய்வு? மண் செத்துவிட்டது என்று சொன்ன வாய்கள் ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு மரத்தைக் கொண்டுபோய் நிறுத்தாமல் நான் போகப் போவதில்லை. எமன் வந்தால் வரப்பில் உட்காரச் சொல்வேன். எருமையைக் காட்டுக்குள் விட வேண்டாம், மண்ணை நக்கிவிட்டு ஆற்றைத் தேடி ஓடிவிடும், பிறகு நடந்துதான் போக வேண்டும் என்றும் சொல்லி வைப்பேன்.

இதோ என் சத்தியம். அந்த நாவல் பழுக்கும்வரை நான் சாவதாக இல்லை. நோட்டில் நீங்கள் விட்டுவைத்த இடத்துக்கு நேரே, மண்ணா மச்சானா என்ற கேள்விக்குப் பதிலை என் கையாலேயே எழுதுவேன், அது எனக்கு எதிரான பதிலாக இருந்தாலும். முதல் பழத்தை உங்கள் படத்துக்கு முன்னால் வைப்பேன். நாவல் பழத்தை உப்புத் தொட்டுத் தின்பதுதான் நம் பக்கத்து வழக்கம். அன்றைக்கு நான் உப்புப் போட மாட்டேன், மாப்பிள்ளை. போதுமா என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்.

இரண்டு கையையும் கழுவிவிட்டுக் கையெழுத்திடும்,
சரசுவின் அண்ணன், பூங்கொடியின் தாய்மாமன்,
உங்கள் நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் இருக்கிற
மச்சான் முத்துச்சாமி